வாசலில் நின்ற முதுகு

"போச்சு" என்ற சொல் அண்ணன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. லைட் எரியாமல் போனால், "வேறதை மாட்டு" என்பார். மழையில் பந்தல் நனைந்தால், "உள்ள எடுப்போம், அதுதான் களையா இருக்கும்" என்பார். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர்கள் வந்த வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்க நெருங்க மாப்பிள்ளை வீட்டார் முகம் கறுத்தது. அண்ணன் தன் லேப்டாப்பை மைக் செட்டில் சொருகி, வேறு யாருடைய கல்யாணத்திலோ பதிவான கெட்டிமேளத்தை ஓடவிட்டார். தாலி ஏறியது. பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, "மேளக்காரரு எங்கிட்டு உக்காந்திருக்காரு?" என்று தேடினார்.

"இங்கிட்டு குடுங்க மாமா, நான் சேத்துர்றேன்" என்று அண்ணன் கையை நீட்டினார். மறுநாள் அந்தத் தட்டை மேளக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தார். ஏமாற்றுவது அவருக்குப் பிடிக்காது. ஓர் இடம் வெற்றாகக் கிடப்பதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திருமயத்தில் கோட்டைக்குப் போகிற தெருவில் அவருக்கு வீடியோ கடை இருந்தது. நான் அவரிடம் லைட் பிடித்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புது ஆட்கள் பெயர் கேட்டாலே முதுகு கூனி, கண் தரைக்குப் போய்விடும். மண்டபத்தில் யாராவது, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டால் அண்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே என் ஊரைச் சொல்லிவிடுவார். பந்தியில், "அவனுக்கு ரசம் ஊத்துங்க, சாம்பார் ஆகாது" என்பார். நான் பேச வேண்டிய இடங்களில் எல்லாம் அவர் பேசினார். அப்போது அது சுகமாக இருந்தது. இந்த வயதிலும் பஸ்ஸில் ஊர் பேர் சொல்லி டிக்கெட் வாங்க எனக்கு நாக்கு எழுவதில்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குடும்பப் படம் எடுக்கும்போது அவர் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விடச் சொல்வார். "சவூதியில இருக்க சித்தப்பா இங்கன நிக்கட்டும். ஏய் பாப்பா, சித்தப்பா காலை மிதிக்காத, தள்ளி நில்லு." பாப்பாவும் தள்ளி நிற்கும். ஒரு வாரத்தில் சித்தப்பா அந்த இடத்தில் வந்து நின்றுவிடுவார், வேறு எங்கோ அடித்த வெயிலோடு.

கேமராவில் போடும் மெமரி கார்டுகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் உள்ள இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது என்பதால் அவர் இரண்டு சிமிழ் வைத்திருந்தார். மஞ்சள் சிமிழில் காலி கார்டு. குங்குமச் சிமிழில் நிறைந்த கார்டு. "மாத்திப் போட்டா ஒரு குடும்பத்தையே அழிச்சுருவே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நான் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை.

இவ்வளவு சின்ன நகத்துண்டுக்குள் எப்படி ஒரு கல்யாணமே அடங்குகிறது என்று ஒருமுறை கேட்டேன். அப்போது மண்டபத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அதைக் காட்டினார்.

"உள்ள பொடிப்பொடியா அறை இருக்கு. அந்தா வரிசையா எலை போட்டிருக்கான் பாரு, அப்படி. எழுதி அழிச்சு எழுதி அழிச்சு சில அறை தேஞ்சு போயிரும். எலை கிழிஞ்சிருந்தா என்ன செய்வான்?"

"வேற எலை போடுவாங்க."

"எங்கேருந்து?"

"ஓரத்துல கொஞ்சம் எலை வச்சிருப்பாங்கல்ல, அதுலேருந்து."

"அவ்வளவுதான். கார்டு செய்யிறவனும் ஓரத்துல கொஞ்சம் அறையை ஒளிச்சு வச்சிருப்பான். ஒண்ணு கெட்டா அதை மூடிட்டு, இதைத் தொறந்து அந்த எடத்துல வச்சிரும். யாரும் சொல்ல வேண்டாம், அதுவே செஞ்சுக்கிரும். கெட்டது நமக்குத் தெரியுமா? தெரியாது. சாப்புட உக்காந்தவனுக்கு என்ன தெரியும், எலை இருக்கு, சாப்புடுறான்." சொல்லிவிட்டுக் கார்டைத் தட்டிக் கொடுத்தார். "மனுசனுக்கு இப்படி ஒண்ணு வைக்காம விட்டுட்டான் பாரு."

அவரிடம் ஒரு ராசியான கார்டு இருந்தது. கடை திறந்த புதிதில் வாங்கியது. அதில் எடுத்த கல்யாணம் எதுவும் கெட்டுப் போனதில்லை என்பது அவர் நம்பிக்கை. மூலையில் சந்தனப் பொட்டு வைத்திருப்பார். எத்தனை புதுக் கார்டு வந்தாலும் தாலி கட்டும்போதும் பெண் கிளம்பும்போதும் அந்தக் கார்டுதான். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அதை அழித்து, திரும்ப எழுதி, திரும்ப அழித்து. தேயும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். ராசியானது தேயாது என்று அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கார்டில் எடுத்த கடைசிக் கல்யாணம் கௌசல்யாவுடையது. திருமயத்துப் பெண். மாப்பிள்ளை மீமிசல், ஐஸ் கம்பெனியில் வேலை. அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்காக மண்டபத்துக்கு வந்தார், தாரை வார்த்தார், மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒல்லியான ஆள், லேசாகக் கூன். அவர் மேல் லைட் அடித்தபோதெல்லாம் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். கூச்சப்படுகிற மனிதர் என்று எனக்குப் பட்டது. அதனால் லைட்டைத் தாழ்த்திப் பிடித்தேன்.

பெண் கிளம்பும் நேரத்தில் அண்ணன் கேமராவோடு வெளியே ஓடினார். நல்ல வெயில், லைட் தேவையில்லை. நான் மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். குலவைச் சத்தமும் கார் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. பார்க்கவில்லை.

மறுவீட்டுக்குக் கூடக் கௌசல்யாவின் அப்பா மகளை அழைக்கவில்லை. சில வாரத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். கௌசல்யா பிணத்தைத்தான் வந்து பார்த்தாள்.

வீடியோ அதுவரை கொடுக்கப்படவில்லை. கொடுப்பதற்காகக் கார்டைச் சொருகியபோது கம்ப்யூட்டர் திணறியது. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு, கம்ப்யூட்டர் சரிபார்க்கிற ஓர் இளவட்டத்திடம் போனார். அவன் அதை நோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஸ்பேரெல்லாம் தீந்துருச்சுண்ணே. மாத்தி வைக்க உள்ள ஒரு அறை இல்ல. இதையேதான் போட்டு அடிச்சீங்களா?"

"ராசியான கார்டுப்பா."

"ராசி மேல வச்சிருக்க பொட்டுல இருக்கு. உள்ள காலி."

தாலி கட்டியது வந்தது. பந்தி வந்தது. கடைசியாக எடுத்த, பெண் கிளம்பும் காட்சி வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் அந்தக் கார்டைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டே வந்தார். அப்போதும் "போச்சு" என்று சொல்லவில்லை.

கௌசல்யா கடைக்கு வந்தாள். புருசன் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் கார்ல ஏறி திரும்பித் திரும்பிப் பாத்தேன். சனம் மறைச்சிருச்சு. அப்பா வெளிய வந்தாரா வரலையான்னு தெரியல. அம்மாவைக் கேட்டா, 'நானே அழுதுக்கிட்டு நின்னேன், எனக்கென்னடி தெரியும்'னு சொல்லுது. வீடியோவுல இருக்குமாண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"இருக்குத்தா. வாசத் தூணுகிட்ட நின்னாரு. எடுத்திருக்கேன். நீ போ, இவன்கிட்ட குடுத்து விடுறேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. புருசன் பைக்கை விட்டு இறங்கி வந்து, தோளைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் ஒரு வேட்டியும் துண்டும் கொண்டுவந்தார். "கட்டிக்க. மண்டபத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும்." அதே மண்டபத்து வாசலுக்குக் கூட்டிப்போனார். கேமரா முன்னால் நிற்பது என்றால் எனக்கு நடுங்கும். "மூஞ்சி வேணாம்டா, முதுகுதான். தூணுகிட்ட நின்னு ரோட்டைப் பாரு" என்றார். முதுகுதானே என்று நின்றேன். வெயில் கொளுத்தியது. துண்டால் கழுத்தையும் முகத்தையும் துடைத்துக்கொண்டேன். "சரி, போதும்" என்றார். அவர் குரல் சரியில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு மீமிசலுக்கு நான்தான் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். கௌசல்யா விடவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று உட்கார வைத்து, டிவியில் சொருகி, நேராகக் கடைசிக்குத் தள்ளினாள்.

கார் நகர்கிற சத்தம் கேட்டது, குலவை கேட்டது. அது யார் வீட்டுக் கல்யாணத்துக் குலவையோ. தூண் தெரிந்தது. தூணருகே ஒரு முதுகு. லேசான கூன். வேட்டி. தோளில் துண்டு.

எனக்கு என் முதுகைத் தெரியாது. அதுவரை நான் பார்த்ததில்லை. வேட்டியின் கரையைப் பார்த்துத்தான் அது யார் என்று தெரிந்தது.

"அத்தே, வாங்களேன், அப்பா நிக்கிறாரு பாருங்க!" என்று கௌசல்யா உள்ளே கத்தினாள். டிவிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். முதுகு கையைத் தூக்கித் துண்டால் முகத்தைத் துடைத்தது. "அழுவுறாரு. அத்தே, அழுவுறாரு பாருங்க. என்கிட்ட காட்டிக்கிறாம உள்ளயே வச்சிருந்திருக்காரு" என்று அவள் டிவிக் கண்ணாடியில் கையை வைத்தாள். என் வேர்வையின் மேல் வைத்தாள்.

காப்பியைக் குடித்தேனா கொட்டினேனா நினைவில்லை. அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் நடந்து வந்தேன்.

திருமயம் வந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அன்று ஒருநாள்தான். அதுவும் எதிர்த்துப் பேசியது என்று சொல்ல முடியாது.

"அண்ணே, அது நானு."

"தெரியும்."

"அந்தப் புள்ள அப்பான்னு மண்டி போட்டுத் தொட்டுப் பாக்குது."

அண்ணன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நின்னாருடா. நெசமா நின்னாரு. நான் எடுத்தேன். கார்டு முழுங்கிருச்சு. நின்னதுக்குப் பதிலா நிக்க வச்சேன். இல்லாததையா வச்சேன்?"

எனக்கு அந்தப் பந்தி நினைவுக்கு வந்தது. "சோறு போட்டதுக்கு அப்புறம் எலை கிழிஞ்சா என்னண்ணே செய்வாங்க?"

"சோத்தையும் சேத்து அள்ளிப் புது எலையில வைக்கணும்."

"அள்ள முடியலன்னா?"

துணி நின்றது. பிறகு, "எலை மட்டும்தான் வரும்" என்றார்.

அதற்குமேல் இருவரும் அதைப் பேசியதில்லை. ஆனால் அவர் நடையில் ஒன்று மாறியது. முன்பெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னே போவேன், அவர் பின்னால் வருவார். அதன் பிறகு அவர் எனக்குப் பின்னால் வந்ததே இல்லை. வேகமாக எட்டு வைத்து முன்னே போய்விடுவார். சந்தாக இருந்தால், நின்று வழி விடாமல், தான் முதலில் நுழைவார். என் முதுகைப் பார்க்காமல் இருக்க அந்தக் கனத்த உடம்பு இரைக்க இரைக்க நடந்ததைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போவேன். எனக்குக் கூசும். அந்தக் கூச்சத்தை அவருக்கு நான்தான் கொடுத்தேன் என்று இன்னும் கூசும்.

அதன் பிறகு குடும்பப் படத்தில் இடம் விடச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். "வந்தவுக நில்லுங்க, போதும்" என்பார். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. "என்னப்பா, எங்க சித்தப்பா பாவமில்லையா?" என்று வேறு கடைக்குப் போனார்கள்.

போன ஆடியில் அண்ணன் இறந்தார். ஊரையே படம் எடுத்தவருக்கு மாலை போட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையிலிருந்த முகத்தை வெட்டி, வேறு யாருடைய வெள்ளைச் சட்டை மேலோ ஒட்டி, பக்கத்து ஸ்டூடியோப் பையன் கொண்டுவந்து வைத்தான். அந்தச் சட்டை அவருக்குச் சேரவில்லை. தோள் குறுகலாக இருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கௌசல்யாவின் பையனுக்குக் காதுகுத்து என்று போன் வந்தது. "அண்ணன் இல்லாட்டி என்ன, நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள். வருகிறேன் என்றும் சொல்லத் தெரியவில்லை, வரவில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. போனேன்.

வீட்டு நடுச்சுவரில் பெரிதாக்கிய படம் மாட்டியிருந்தது. முதுகு. கண்ணாடி போட்டு, மாலை போட்டு, கீழே சின்ன விளக்கு. மாப்பிள்ளை வழிக் கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எல்லா வீட்டுலயும் மூஞ்சியை மாட்டுவாக. இங்க முதுகை மாட்டி வச்சிருக்காக. மருமக வீட்டு வழக்கம்போல" என்று சொல்லிச் சிரித்தார். நான் படத்துக்கு எதிர்ச் சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். காது குத்திய பையன் அழுதபோது, "தாத்தாட்ட சொல்லு, தாத்தாட்ட சொல்லு" என்று யாரோ அவனைப் படத்துக்கு நேராகத் தூக்கினார்கள். அவன் அந்த முதுகைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டே அழுதான்.

கறிச்சோற்றைப் பாதியில் விட்டு இலையை மூடினேன். எழுந்து கொல்லைக் குழாயில் கை கழுவினேன். வேர்த்திருந்தது. துண்டால் கழுத்தையும் முகத்தையும் துடைத்துவிட்டுத் திரும்பினேன். கௌசல்யா தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். செம்பு சரிந்து தண்ணீர் அவள் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"நீங்களாண்ணே?"

தலையை அசைத்தேன்.

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, அப்பா வெளிய வந்தாரா?"

எனக்காகப் பதில் சொல்ல அண்ணன் இல்லை. அவர் இருந்தால், "வந்தாருத்தா" என்று ஒரு நொடியில் முடித்திருப்பார். அந்த வார்த்தை என் வாய் வரை வந்தது.

"நான் பாக்கலம்மா. உள்ள ஒயரு சுத்திக்கிட்டிருந்தேன். வந்து நின்னாரு, எடுத்தேன்னு அண்ணன் சொன்னாரு. அவரு பொய் சொல்ற ஆளு இல்ல..."

சொல்லிவிட்டு நானே நிறுத்திவிட்டேன். அவள் உள்சுவர்ப் பக்கம் பார்த்தாள். உதடு சிரிப்பதுபோலக் கோணியது, சிரிப்பாக முடியவில்லை.

"படத்தைக் கழட்டணும்ல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு, "பய தாத்தான்னு கும்புட்டுப் பழகிட்டான்" என்றாள்.

"போயிட்டு வாரேம்மா" என்றேன்.

கொல்லை வழியாகவே கிளம்பினேன். அவளுக்கு முதுகைக் காட்ட முடியாமல், வேலிப்படல் வரை பின்னோக்கியே நடந்தேன். காலில் கல் இடறியது.

"திரும்பியே நடங்கண்ணே" என்றாள். "விழுந்துருவீங்க."

திரும்பினேன். பஸ் நிற்கும் இடம் வரை நேர் ரோடு, ஒரு மரம் இல்லை, வெயில். கழுத்தில் வேர்வை ஓடியது. துண்டு தோளில்தான் கிடந்தது. நான் துடைக்கவில்லை. அவள் படல் வாசலுக்கு வந்து நின்றாளா, நின்று பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.